வீட்டில் மிக நலிந்தவர் யார்?
மழைக்காலச் சளியும் ஃபுளூ காய்ச்சலும் வீட்டுக்குள் பரவாதிருக்க

ஐப்பசி பிறந்ததும் தமிழகத்தின் கரையோர மாவட்டங்களில் வானம் மூடிக்கொள்ளத் தொடங்குகிறது. கார்த்திகை வரை மழை. மார்கழியிலும் தையிலும் பனி. குளிர்நாடுகளில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான கடுங்குளிர் எந்தக் காய்ச்சலைக் கொண்டுவருகிறதோ, அதைச் சென்னையிலும் அதனை ஒட்டிய பகுதிகளிலும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையே கொண்டுவருகிறது. இக்காலத்தில் மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவுகளில் இருமல் ஒலி கூடுவதை இவ்விதழைப் படிக்கும் பலரும் நேரில் கண்டிருப்பீர்கள்.

ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். அது குறிப்பிட்ட எந்த வீடும் அன்று. நம்மில் பலருடைய வீடு. தாய், தந்தை, மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகன், நான்கு மாதக் கைக்குழந்தை, நீரிழிவு நோயுள்ள எழுபது வயதுத் தாத்தா. தாத்தாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டிருக்கிறது.

திங்கட்கிழமை பள்ளியில், மகனுக்கு அருகில் அமர்ந்த சிறுவன் தும்முகிறான். செவ்வாய் மாலை மகன் நன்றாகவே இருக்கிறான். தாத்தாவின் மடியில் அமர்ந்து அவர் தட்டிலிருந்தே இரண்டு வாய் உண்கிறான். புதன் இரவு அவனுக்கு 102 டிகிரி காய்ச்சல். தாய் அவனைத் தன் ஒரு பக்கத்திலும் கைக்குழந்தையை மறுபக்கத்திலும் கிடத்திக்கொண்டு உறங்குகிறார். வெள்ளிக்கிழமை தாய்க்கு உடல்வலி. ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு சமையலைத் தொடர்கிறார். ஞாயிற்றுக்கிழமை தாத்தாவுக்குக் காய்ச்சல் இல்லை. ஆனால் அவர் சாப்பிட மறுக்கிறார்; பகலெல்லாம் தூங்குகிறார்; பேசினால் முன்னுக்குப்பின் முரணாகப் பேசுகிறார். இரத்தச் சர்க்கரை 340. திங்கள் காலை அவருக்கு மூச்சு வாங்குகிறது.

சிறுவன் அதற்குள் குணமாகி விளையாடத் தொடங்கிவிட்டான். வைரஸ் ஒன்றுதான். அவனுக்கு அது நான்கு நாள் காய்ச்சல். தாத்தாவுக்கு அது தீவிர சிகிச்சைப் பிரிவு வரை கொண்டுசெல்லக்கூடிய நோய். ஆகவே மழைக்காலம் தொடங்கும்போது ஒவ்வொரு வீடும் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற்கேள்வி, யாருக்குச் சளி பிடித்திருக்கிறது என்பதன்று. நம் வீட்டில் மிக நலிந்தவர் யார் என்பதே. வீட்டின் பழக்கங்கள் அனைத்தும் அவரை முன்னிறுத்தி அமைய வேண்டும்.

சளியும் ஃபுளூவும் ஒன்றல்ல

மூக்கொழுகலையும் தும்மலையும் தரும் எளிய சளிக்குக் காரணமான வைரஸ்கள் இருநூறுக்கும் மேற்பட்டவை. அது மெல்லத் தொடங்கும். காய்ச்சல் இருந்தாலும் குறைவாகவே இருக்கும். ஏழு முதல் பத்து நாள்களில் தானே தணியும்.

ஃபுளூ எனப்படும் இன்ஃபுளூயன்சா வேறு. காலையில் நலமாக இருந்தவர் மாலையில் படுத்துவிடுவார். திடீர்க் காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைவலி, தசைவலி, வறட்டு இருமல், பெருஞ்சோர்வு ஆகியவை ஒருசேர வரும். காய்ச்சல் சில நாள்களில் இறங்கினாலும், இருமலும் சோர்வும் இரண்டு வாரங்கள் வரை நீடிக்கலாம்.

வைரஸ் உடலில் புகுந்து ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் அறிகுறிகள் தோன்றுகின்றன. அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பே அவரிடமிருந்து நோய் பிறருக்குப் பரவத் தொடங்குகிறது; தோன்றிய பின் ஐந்து முதல் ஏழு நாள்கள் வரை பரவுகிறது. சிறு குழந்தைகளிடமிருந்தும் நோயெதிர்ப்பாற்றல் குறைந்தவர்களிடமிருந்தும் இன்னும் நீண்ட நாள் பரவலாம். செவ்வாய் மாலை தாத்தாவின் மடியில் அமர்ந்த சிறுவன் நலமாகத்தான் இருந்தான். ஆனால் நோயைத் தரக்கூடியவனாகவும் இருந்தான். "காய்ச்சல் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்தால், ஒரு நாள் பிந்திவிடுகிறோம்.

மழை தருவதா, மனிதர் தருவதா?

மழையில் நனைந்தால் சளி பிடிக்கும், தலைக்குக் குளித்தால் காய்ச்சல் வரும், வாழைப்பழமும் தயிரும் நெஞ்சில் கபத்தைக் கட்டும் என்பவை நம் வீடுகளில் வழிவழியாகச் சொல்லப்படுபவை. ஈரத்தோடு இராதே என்ற அறிவுரையில் தவறேதும் இல்லை. ஆனால் வைரஸ் இல்லாமல் ஃபுளூ இல்லை. அந்த வைரஸ் வானத்திலிருந்து வருவதில்லை, மற்றொரு மனிதரின் மூச்சிலிருந்தும் கையிலிருந்தும் வருகிறது.

மழைக்காலத்தில் நோய் பெருகுவதற்கு நம் நடத்தையும் ஒரு காரணம். சாரல் அடிக்கிறது என்று சன்னல்களை அடைக்கிறோம். பள்ளி வேனிலும் பேருந்திலும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நெருங்கி அமர்கிறோம். தீபாவளிக்கு உறவினர் கூடுகின்றனர். கார்த்திகையில் மாலை அணிந்தோர் குழுவாகப் பயணம் செல்கின்றனர். பொங்கலுக்கு ஒரே கூடத்தில் பத்துப் பேர் பாய் விரித்துப் படுக்கின்றனர். இவை நம் வாழ்வின் இன்பங்கள். விட்டுவிட வேண்டியவை அல்ல. ஆயினும் நலிந்தவர் உள்ள வீட்டில், காய்ச்சலோடு இருப்பவர் அந்த ஒரு வாரம் மட்டும் விலகியிருப்பது, பண்டிகையைக் கெடுப்பதாகாது.

தயிரையும் பழத்தையும் நிறுத்துவதால் நோய் விரைவில் தீராது. மாறாக, பசியின்றிக் கிடக்கும் முதியவருக்கு மோர்சாதம்தான் இறங்கும் என்றால், அதைத் தடுப்பது அவரை மேலும் நலிவடையச் செய்யும்.

நலிந்தவர் என்போர் யார்?

பின்வருவோரில் ஒருவரேனும் உங்கள் வீட்டில் இருக்கிறாரா என்று எண்ணிப் பாருங்கள்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், சிறப்பாக இரண்டு வயதுக்குட்பட்டோர். 65 வயதைக் கடந்தவர்கள். கருவுற்ற பெண்கள், பிள்ளை பெற்று இரண்டு வாரங்கள் ஆகாதவர்கள். நீரிழிவு, இதயநோய், ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய், சிறுநீரக நோய், கல்லீரல் நோய் உள்ளவர்கள். பக்கவாதத்தால் படுக்கையில் இருப்பவர்கள். புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்பவர்கள். உறுப்புமாற்று சிகிச்சை பெற்றவர்கள். நெடுநாளாக ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவர்கள்.

இவர்களுக்கு ஃபுளூ நுரையீரலோடு நிற்பதில்லை. நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை கட்டுமீறும். இதய நோயாளிக்கு மாரடைப்பின் வாய்ப்பே கூடும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடத்தப்பெற்று 2018ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, இன்ஃபுளூயன்சா உறுதியான முதல் ஏழு நாள்களில் மாரடைப்பின் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்ததைக் காட்டியது. "வெறும் சளிக்காய்ச்சல்தானே" என்னும் சொல் இவர்களுக்குப் பொருந்தாது.

மழைக்கு முன்பே போடவேண்டிய ஊசி

ஃபுளூ வைரஸ் தன் மேற்பரப்பை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும், தடுப்பூசியில் இடம்பெற வேண்டிய வைரஸ் வகைகளை அறிவிக்கிறது. சென்ற ஆண்டு போட்ட ஊசி இவ்வாண்டுக்குப் போதாது. ஆண்டுக்கொரு முறை போடவேண்டும்.

ஊசி போட்டபின் பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். ஆகவே நம் பகுதியில் இருப்பவர்கள் பருவமழை தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. தவறவிட்டவர்கள் மழை தொடங்கிய பின்னும் போட்டுக்கொள்ளலாம். பருவம் முடியும் வரை அதனால் பயன் உண்டு.

தடுப்பூசி போட்டவருக்கு ஃபுளூ வரவே வராது என்று சொல்ல இயலாது. ஆனால் வந்தாலும் மருத்துவமனையில் சேரும் அளவுக்கு முற்றுவது குறைகிறது. செயலிழந்த வைரஸ் கொண்ட ஊசியால் ஃபுளூ வராது. ஓரிரு நாள் கைவலியும் இலேசான காய்ச்சலும் வரலாம். ஆறு மாதம் முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு முதன்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணைகள் தேவை.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. அக்குழந்தையைக் காக்க இரு வழிகள் உள்ளன. தாய் கருவுற்றிருக்கும்போதே ஊசி போட்டுக்கொண்டால், எதிர்ப்பாற்றல் குழந்தைக்கும் செல்லும். பிறந்தபின், குழந்தையைச் சூழ்ந்துள்ள அனைவரும் ஊசி போட்டுக்கொண்டால் அவர்களே அதற்கு அரணாவர். புற்றுநோய் மருந்தால் எதிர்ப்பாற்றல் குன்றியவரின் வீட்டுக்கும் இதுவே பொருந்தும்.

நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு எதிரான தடுப்பூசி, அரசின் தடுப்பூசித் திட்டத்தில் 2021ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் ஆகிய மூன்று தவணைகள். முதியோரும் நாட்பட்ட நோயுள்ளோரும் தமக்கு அது தேவையா என மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

காய்ச்சல் வந்த அன்றே வீட்டை மாற்றியமையுங்கள்

ஒருவருக்குக் காய்ச்சல் என்றதும் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, அவர் எங்கே படுப்பது என்பது. தனியறை இருந்தால் நன்று. ஓர் அறை மட்டுமே உள்ள வீடாயின், நோயுற்றவரைச் சன்னலோரம் படுக்கவைத்து, நலிந்தவரை எதிர்ப்புறத்தில், குறைந்தது ஆறடி தள்ளிப் படுக்கவையுங்கள். ஒருவர் தலைவைத்த பக்கம் மற்றவர் கால் நீட்டுமாறு பாய் விரித்தால், மூச்சுக்கு மூச்சு நேர்படாது. எதிரெதிர்ச் சன்னல்களையோ கதவையும் சன்னலையுமோ திறந்து காற்று ஓடச் செய்யுங்கள். சாரல் அடிக்காத நேரத்தில் மணிக்குப் பத்து நிமிடம் திறந்துவைப்பதும் பயன் தரும்.

இரண்டாவது, முகக்கவசம். நோயுற்றவர் பிறர் அருகில் வரும்போது அணிவதே மிகுந்த பயன் தரும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும், மூச்சுவிடச் சிரமப்படுபவருக்கும் முகக்கவசம் கூடாது. சளி பிடித்த தாய் தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. கை கழுவி, முகக்கவசம் அணிந்து பாலூட்டலாம். குழந்தைக்கு எதிர்ப்பாற்றல் அப்பாலிலும் கிடைக்கிறது.

மூன்றாவது, கை. எஃகு, பிளாஸ்டிக் போன்ற கெட்டியான பரப்புகளில் ஃபுளூ வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் வரை உயிர்ப்போடு இருக்கக்கூடும். தண்ணீர்க் குவளை, கதவுத் தாழ்ப்பாள், தொலைக்காட்சி ரிமோட், கைப்பேசி ஆகியவை கைமாறும் பொருள்கள். இந்த வைரஸைச் சூழ்ந்திருப்பது கொழுப்பாலான உறை. சோப்பு அதைக் கரைத்துவிடுகிறது. அதற்கு இருபது நொடிகள் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீரில் மட்டும் கையை நனைப்பது கழுவுதல் ஆகாது.

குவளையில் வாய் படாமல் அண்ணாந்து குடிக்கும் பழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. அதை மீட்டெடுக்க இது நல்ல காலம். துண்டு மட்டும் ஏனோ பல வீடுகளில் இன்னும் பொதுவாகவே தொங்குகிறது. நோயுற்றவருக்குத் தனித் துண்டு, தனிக் குவளை, தனித் தட்டு கொடுங்கள். அவற்றைச் சோப்பு நீரில் கழுவினாலே போதும்.

நான்காவது, பராமரிப்பவர். வீட்டிலுள்ளோரில் உடல்நலம் மிக்க ஒருவரே அப்பணியை ஏற்கட்டும். கருவுற்ற மருமகளோ, நீரிழிவு உள்ள பாட்டியோ அல்லர். பெண் என்பதால் மட்டும் அப்பணி ஒருவர்மேல் விழ வேண்டியதில்லை.

ஐந்தாவது, நலம் விசாரிக்க வருவோர். ஆரஞ்சுப் பழத்தோடு வாசலில் நிற்பவரைத் திருப்பி அனுப்புவது நமக்குக் கடினம். "மருத்துவர் பத்து நாளைக்கு யாரையும் பார்க்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்" என்று எங்கள்மேல் பழி போட்டுவிடுங்கள், நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். மருத்துவமனைக்கு நோயாளியைக் காண வருவோரும் சளி, இருமல் இருந்தால் வரவேண்டாம். குழந்தைகளை அழைத்துவருவதையும் தவிர்க்கவும்.

கைவைத்தியமும் கடை மருந்தும்

சுக்கு, மிளகு, துளசி இட்ட வெந்நீர் தொண்டைக்கு இதம் தரும், பருகலாம். ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு இருமலுக்குத் தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. நாக்கில் தடவுவதும் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியா தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயை உண்டாக்கும்.

ஆவி பிடிப்பதால் மூக்கடைப்பு சற்றுத் தளரும், வைரஸ் சாகாது. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகளுக்கு வெந்துபோவது உண்டு. அவர்களுக்கு ஆவி பிடிக்க வேண்டாம். கைக்குழந்தையின் மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தே போதும். மூக்கில் எண்ணெய் விடுவதும், வாயால் ஊதிச் சளி எடுப்பதும், கற்பூரம் கலந்த எண்ணெய் தடவுவதும் தீங்கானவை. எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் அழற்சி உண்டாகும். கற்பூரம் குழந்தைகளுக்கு நஞ்சு, வலிப்பையும் வரவழைக்கும். குளிப்பாட்டிய பின் சாம்பிராணிப் புகை காட்டுவது பாட்டியின் அன்பின் அடையாளம்தான். ஆயினும் எந்தப் புகையும் சளி பிடித்த குழந்தையின் மூச்சுக்குழலை உறுத்தும். கொசுவர்த்திப் புகைக்கும் இது பொருந்தும். அதற்கு மாற்றாகக் கொசுவலை கட்டுங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். குழந்தைக்கு அளவு, வயதைப் பொறுத்ததன்று, எடையைப் பொறுத்தது. ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஆறு மணி நேர இடைவெளி. நாளுக்கு நான்கு வேளைக்கு மிகாமல். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு 150 மில்லிகிராம். இங்கேதான் பிழை நேர்கிறது. ஒரு மில்லி லிட்டரில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தானால் அக்குழந்தைக்கு 1.5 மில்லி லிட்டர். ஐந்து மில்லி லிட்டரில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பானால் 3 மில்லி லிட்டர். சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டால் மருந்து இரட்டிப்பாகிவிடும். புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு மருத்துவரைக் கேளாமல் எதுவும் கொடுக்க வேண்டாம்.

பெரியவர்கள் கடையில் வாங்கும் "சளி மாத்திரை"களில் பெரும்பாலும் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கும். அதனுடன் தனியே காய்ச்சல் மாத்திரையும் போட்டால் அளவு மீறும், கல்லீரல் தாங்காது. அம்மாத்திரைகளில் உள்ள மூக்கடைப்பு நீக்கி இரத்த அழுத்தத்தையும் உயர்த்தக்கூடும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி சிரப்புகள் வேண்டாம். காய்ச்சல் உள்ள குழந்தைக்கு ஆஸ்பிரின் கூடாது. அரிதெனினும் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்கு அது வழிவகுக்கும். இதயத்துக்காக மருத்துவர் எழுதித் தந்த ஆஸ்பிரினைப் பெரியவர்கள் தாமாக நிறுத்தவும் வேண்டாம்.

சென்ற முறை மிஞ்சிய ஆன்டிபயாட்டிக் மாத்திரையை இம்முறை எடுக்காதீர்கள். அது பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. ஃபுளூ வைரஸுக்கென்றே உள்ள மருந்து ஓசெல்டமிவிர். நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அதன் பயன் மிகுதி. அதனால்தான் நலிந்தவருக்கு முதல்நாளே மருத்துவரை நாட வேண்டும். மூன்று நாள் பார்த்துவிட்டு வருவோம் என்று இருப்பது, அம்மருந்தின் நேரத்தை இழப்பதாகும்.

நாட்பட்ட நோயுள்ளோருக்கு ஒரு குறிப்பு

சர்க்கரை நோயாளி சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினைத் தாமாக நிறுத்தக் கூடாது. நோயின்போது சர்க்கரை ஏறவே செய்யும். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கொரு முறை அளந்து, எழுதிவைத்து, மருத்துவரிடம் பேசுங்கள். வாந்தியோ பேதியோ இருந்தால் சில சர்க்கரை மாத்திரைகளைச் சில நாள் நிறுத்த வேண்டியிருக்கும்; எவை என்பதை மருத்துவர் சொல்வார்.

"காய்ச்சலுக்கு நிறைய நீர் குடியுங்கள்" என்னும் அறிவுரை எல்லோருக்கும் உரியதன்று. இதயம் பலவீனமானவரும் டயாலிசிஸ் செய்துகொள்பவரும் தமக்கு விதிக்கப்பட்ட அளவை மீறக் கூடாது. காய்ச்சல் என்று டயாலிசிஸைத் தள்ளிப்போடவும் கூடாது. முன்கூட்டியே தொலைபேசியில் தெரிவித்து, முகக்கவசம் அணிந்து வாருங்கள். ஆஸ்துமா உள்ளவர் தம் இன்ஹேலரை நிறுத்தாமல் தொடர வேண்டும். புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுபவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால், அது இரவு இரண்டு மணியானாலும் அவசர நிலைதான். மாத்திரை போட்டுக் காத்திராமல் உடனே வாருங்கள்.

இது டெங்குவாக இருந்தால்?

நம் மழைக்காலத்தில் ஃபுளூ தனியே வருவதில்லை. டெங்குவும் உடன் வருகிறது. மூக்கொழுகலும் இருமலும் முதன்மையாக இருந்தால் ஃபுளூவின் வாய்ப்பு மிகுதி. கண்ணுக்குப் பின்னால் வலி, கடும் மூட்டுவலி, தோலில் சிவந்த தடிப்பு ஆகியவை டெங்குவைச் சுட்டும். ஆயினும் வீட்டில் உறுதியாகப் பிரித்தறிய இயலாது. ஆகவே இரண்டு நாள் கடந்த எந்தக் காய்ச்சலுக்கும் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை பாராசிட்டமால் தவிர இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலிமருந்துகளை உண்ணவோ ஊசியாகப் போடவோ வேண்டாம். டெங்குவாயின் இரத்தக்கசிவு கூடும்.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாளே ஆபத்தான நாளாகலாம். "சூடு விட்டுவிட்டது" என்று மகிழும் வேளையில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், கைகால் சில்லிடுதல், அளவுகடந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். வெள்ளநீரில் நடந்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் இருந்தால், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். நீரில் நடந்த செய்தியை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

குழந்தையின் மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. இவ்வெண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் அது வேகமூச்சு. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுதல், பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் விழிக்காமை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, உதடு நீலம் பாய்தல், வலிப்பு ஆகியவை எந்நேரமும் அவசர நிலை. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றாலே உடனே கொண்டுவர வேண்டும்.

பெரியவருக்கு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நிற்க முடியாத தலைச்சுற்றல், குழப்பமான பேச்சு ஆகியவை அவ்வாறே. முதியவருக்குக் காய்ச்சல் ஏறாமலே நோய் முற்றக்கூடும். சாப்பிட மறுத்தல், திடீரெனத் தடுமாறி விழுதல், பகல்தூக்கம், ஆளைத் தெரியாமை ஆகியவையே அவருடைய "காய்ச்சல்". நாம் மனத்தில் வைத்த வீட்டில், ஞாயிற்றுக்கிழமையே தாத்தாவை அழைத்துவந்திருக்க வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் அலமாரியில் இருந்தால் எடுத்து, புது பேட்டரி போட்டுவையுங்கள்; ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்கினால் வாருங்கள். நாட்பட்ட நுரையீரல் நோயுள்ளவருக்கு வழக்கமான அளவே குறைவாக இருக்கலாம். அது எவ்வளவு என்று நலமாக இருக்கும் நாளிலேயே கேட்டுக் குறித்துவையுங்கள். இரவில் வாகனம் இல்லையெனில் 108ஐ அழையுங்கள்.

நோய் குறைந்து, காய்ச்சல் விட்டு, இரண்டு நாள் கழித்து மீண்டும் காய்ச்சலும் இருமலும் கூடினால், ஃபுளூவைத் தொடர்ந்து பாக்டீரியாவால் வரும் நுரையீரல் அழற்சியாக இருக்கக்கூடும். அதுவும் காத்திருக்கக் கூடாத ஒன்று.

பராமரிப்பவருக்கும் உடம்பு உண்டு

வெள்ளிக்கிழமை உடல்வலியோடு சமைத்த தாயை நாம் மறந்துவிடலாகாது. "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அடுப்படியில் நிற்பதைப் பெருமையாகக் கருதும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த இரண்டு நாளில் வீட்டிலுள்ள அனைவரின் உணவும் குவளையும் அவர் கைவழியே சென்றன. பராமரிப்பவர் தம் காய்ச்சலை மறைக்காமல் சொல்வதே குடும்பத்துக்குச் செய்யும் காவல். அதைக் கேட்டதும் மற்றவர் எழுந்து கஞ்சி வைப்பதே குடும்பத்தின் கடமை. சோறும் இரசமும் வைக்கத் தெரிந்த இன்னொருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். காய்ச்சல் மருந்தின்றியே தணிந்து 24 மணி நேரம் ஆகும் வரை, பிள்ளை பள்ளிக்கும் பெரியவர் பணிக்கும் செல்ல வேண்டாம். ஒரு நாள் வருகைப்பதிவு போனால் போகட்டும்.

ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்

இவ்வளவையும் நினைவில் வைத்திருப்பது கடினம். காய்ச்சல் இரவில் அதுவும் இயலாது. எனவே இன்றே ஒரு தாளை எடுத்துப் பின்வருவனவற்றை எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் மேலோ அலமாரிக் கதவிலோ ஒட்டிவையுங்கள்.

1. நம் வீட்டில் மிக நலிந்தவரின் பெயர், அவருக்குள்ள நோய்கள், அன்றாடம் உண்ணும் மருந்துகள்.
2. ஒவ்வொருவருக்கும் ஃபுளூ தடுப்பூசி போட்ட நாள்.
3. குழந்தையின் எடை, அதற்குரிய பாராசிட்டமால் அளவு, எந்தப் புட்டியிலிருந்து என்பதும் சேர்த்து.
4. யாருக்கேனும் காய்ச்சல் வந்தால் அவர் படுக்க வேண்டிய இடம்; அவரைப் பார்த்துக்கொள்ளப்போகும் ஒருவர்; அவரும் படுத்தால் அடுத்தவர்.
5. மருத்துவமனையின் தொலைபேசி எண், 108, இரவில் வாகனம் தரக்கூடிய அண்டைவீட்டார் எண்.

அத்தாளை எழுதும்போது பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். தும்மும்போது உள்ளங்கையால் அன்றி, மடக்கிய முழங்கையால் மூக்கை மூடச் சொல்லிக்கொடுங்கள். பள்ளியில் பக்கத்து இருக்கையில் யாருக்கேனும் காய்ச்சல் என்றால் வீட்டில் வந்து சொல்லப் பழக்குங்கள். அப்படிச் சொன்ன நாள்தொட்டு மூன்று நான்கு நாள்கள், பள்ளியிலிருந்து வந்ததும் கைகால் கழுவி, தாத்தாவின் மடிக்குப் பதிலாக எதிரே நாற்காலியில் அமர்ந்து அவன் கதை கேட்கட்டும். ஏன் என்று அவனுக்கு விளக்குங்கள். காரணம் தெரிந்தால் அவனே காவலனாவான். அந்த நாள்கள் கடந்தபின் மடி அங்கேயே இருக்கும்.